ரொறன்ரோ பார்க்கிங் ரிக்கற்: கட்டிவிடுவதா, மறுப்பதா?

ரொறன்ரோவில் பார்க்கிங் ரிக்கற் கிடைத்தது என்று வீட்டில் சொன்னால் போதும், யாராவது ஒருவர் உடனே சொல்வார்: "கோட்டுக்குப் போடுங்கோ. எழுதினவன் வரமாட்டான். தள்ளுபடியாகிப் போயிடும்." இந்த ஆலோசனைக்கு ஒரு காலத்தில் அர்த்தம் இருந்தது. மாகாண நீதிமன்றத்தில் வழக்கு நடக்கும், ரிக்கற் எழுதிய அதிகாரி சாட்சிக்கு வரவேண்டும், அவர் வராவிட்டால் வழக்கு விழும். 2017 ஓகஸ்ட் 28 இலிருந்து ரொறன்ரோ மாநகரசபை பார்க்கிங் ரிக்கற்றுகளை நீதிமன்றத்திலிருந்து எடுத்து, நிர்வாகத் தண்ட முறை என்ற தனி வழிக்கு மாற்றிவிட்டது. இப்போது நீதிபதியும் இல்லை, அரச வழக்கறிஞரும் இல்லை. அதிகாரி நேரில் வரவேண்டிய கட்டாயமும் இல்லை. அவர் எழுதிப் பதிந்துவைத்ததே சாட்சியாக எடுக்கப்படும்.

அப்படியிருந்தும் பழைய ஆலோசனையை நம்பி எத்தனையோ பேர் ரிக்கற்றை மேசை இழுப்பறையில் போட்டுவிட்டு, கோட்டிலிருந்து கடிதம் வரும் என்று காத்திருக்கிறார்கள். அப்படி ஒரு கடிதம் வராது. தாமதக் கட்டணம் சேர்ந்த அறிவித்தல்தான் வரும். இந்தக் கட்டுரையை எழுத வேண்டும் என்று தோன்றியதற்கு முதற் காரணம் இதுதான்.

இப்போது உங்கள் முன்னால் உள்ள வழிகள் நான்கு. கட்டிவிடலாம். ரிக்கற்றை முதலில் திரும்பப் பார்க்கும் மாநகரசபையின் ஸ்கிரீனிங் அதிகாரியிடம் மீளாய்வு கேட்கலாம். அதில் திருப்தி இல்லையென்றால் தண்டத் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். அல்லது ஒன்றும் செய்யாமல் விடலாம். முதல் இரண்டுக்கும் உங்களுக்கு உள்ள காலம் 15 நாள்தான். ஆகவே முடிவை முதல் வாரத்திலேயே எடுத்துவிடுவது நல்லது.

முதலில் ஒரு பயத்தைப் போக்கிவிடுகிறேன். ஒன்ராறியோவில் பார்க்கிங் ரிக்கற்றுக்கு ஓட்டுநர் குற்றப் புள்ளி (பொயின்ற்) இல்லை. அது உங்கள் ஓட்டுநர் பதிவில் ஏறாது, காப்புறுதிக் கட்டணத்தையும் கூட்டாது. வேகமாக ஓடியதற்கு வரும் ரிக்கற் வேறு, இது வேறு. இரண்டையும் ஒன்றென்று நினைத்துக்கொண்டு, காசு வாங்கிக்கொண்டு இப்படியான வழக்குகளில் வாதாடும் பாராலீகலிடம் ஓடுகிறவர்கள் இருக்கிறார்கள். நம் வானொலிகளிலும் இலவசப் பத்திரிகைகளிலும் விளம்பரம் செய்யும் பாராலீகல்கள் வேக ரிக்கற்றுக்கு மிகவும் பயன்படுவார்கள். அங்கே காப்பாற்ற வேண்டியது உங்கள் காப்புறுதி. 50 டொலர் பார்க்கிங் தண்டத்துக்கு ஆள் பிடித்தால் ஆளுக்குக் கொடுக்கும் காசு தண்டத்தைவிடக் கூட வந்துவிடும். இந்த மீளாய்வு வழி சாதாரண ஆள் தானே கையாளக்கூடிய அளவுக்கு எளிது.

சரி, எப்போது கட்டிவிட வேண்டும்? பிழை உங்களுடையது, காட்டுவதற்குக் கையில் ஒன்றும் இல்லை என்றால் கட்டிவிடுங்கள். தண்டங்கள் இப்போது சின்னத் தொகை அல்ல என்பது உண்மைதான். 2024 ஓகஸ்டில் மாநகரசபை பல தண்டங்களை உயர்த்தியது. வீதியோரத்தில் காசு கட்டாமல் நிறுத்தினால் 30 டொலராக இருந்தது 50 ஆனது. சைக்கிள் பாதையில் நிறுத்தினால் 200. ஆனாலும் 2025 ஒக்ரோபரிலிருந்து ஒன்ராறியோவின் குறைந்தபட்சச் சம்பளம் மணிக்கு 17 டொலர் 60 சதம். 50 டொலர் என்பது மூன்று மணி நேரத்துக்கும் குறைந்த உழைப்பு. ஆதாரமே இல்லாத ஒன்றுக்காக இரண்டு மாதம் மனதில் சுமப்பதைவிட அன்றே கட்டி மறப்பது மேல். கோபம் நியாயமானதாகக்கூட இருக்கலாம். ஆனால் மீளாய்வில் கோபத்துக்கு எடை இல்லை.

ஒன்றை மட்டும் கவனியுங்கள். காசு கட்டினால் விடயம் அத்தோடு முடிந்தது. "இப்ப கட்டிவிட்டுப் பிறகு கேட்டுப் பார்ப்போம், தந்தால் திருப்பி எடுப்போம்" என்பது இங்கே நடக்காது. மறுக்கும் எண்ணம் கொஞ்சமாவது இருந்தால் கட்டாதீர்கள். 15 நாளுக்குள் மீளாய்வுக்கு விண்ணப்பியுங்கள். மீளாய்வு கேட்பதற்குக் கட்டணம் கிடையாது. முடிவு வரும்வரை தாமதக் கட்டணமும் ஏறாது.

என் எண்ணத்தில், நம்மவர்கள் மிகக் குறைவாகப் பயன்படுத்தும் வழி இந்த ஸ்கிரீனிங் மீளாய்வுதான். ஆங்கிலத்தில் எழுத வேண்டுமே, அதிகாரியோடு கதைக்க வேண்டுமே என்ற தயக்கத்தில் பலர் நியாயம் தங்கள் பக்கம் இருந்தும் காசைக் கட்டிவிடுகிறார்கள். புதிதாக வந்தவர்களும் முதியவர்களும் இரவு வேலை செய்கிறவர்களும்தான் இதில் அதிகம் இழக்கிறார்கள். இது எனக்கு மனவருத்தமாகவே இருக்கிறது. ஆண்டுக்கு 20 இலட்சத்துக்கும் மேல் ரிக்கற் எழுதும் நகரத்தில் பிழையான ரிக்கற்றும் எழுதப்படும். அதைத் திருத்துவதற்கென்றே மாநகரசபை வைத்திருக்கும் கதவு இது. மாநகரசபையின் 311 தொலைபேசி இலக்கத்துக்கு அழைத்துத் தமிழில் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேட்டால், எப்படி விண்ணப்பிப்பது என்பதைத் தமிழிலேயே விளங்கிக்கொள்ளலாம்.

ஸ்கிரீனிங் அதிகாரி ரிக்கற்றை உறுதிசெய்யலாம், தொகையைக் குறைக்கலாம், முழுவதும் இரத்துச் செய்யலாம், கட்டுவதற்குக் கால நீட்டிப்பும் தரலாம். இணையம் வழியாகவே எழுத்தில் காரணத்தையும் படங்களையும் ஏற்றிவிடலாம். அவர் பார்ப்பது இரண்டு கேள்விகளைத்தான்: விதி மீறப்பட்டதா, மீறப்பட்டிருந்தாலும் தண்டத்தைக் குறைக்கவோ விடவோ ஏற்கத்தக்க காரணம் உண்டா?

முதற் கேள்விக்குப் பதில் சொல்வதற்குமுன், வீதியில் இருந்த பலகை எது என்று பாருங்கள். ரொறன்ரோவில் மூன்று வகைத் தடைப் பலகைகள் உண்டு, மூன்றுக்கும் பொருள் வேறு. 'நோ பார்க்கிங்' என்ற இடத்தில் வண்டியை விட்டுவிட்டுப் போகக்கூடாது. ஆனால் ஆட்களை ஏற்றி இறக்கவும் சாமான் ஏற்றி இறக்கவும் சற்று நிறுத்தலாம். 'நோ ஸ்ராண்டிங்' என்றால் ஆட்களை ஏற்றி இறக்க மட்டும் நிறுத்தலாம், சாமானுக்கு இடமில்லை. 'நோ ஸ்ரொப்பிங்' என்றால் எதற்கும் நிறுத்தக்கூடாது; சிக்னலும் வாகன நெரிசலும்தான் விலக்கு. இந்த வேறுபாடு தெரியாமல் வெல்லக்கூடிய ரிக்கற்றைக் கட்டுகிறவர்களும் உண்டு, வெல்லவே முடியாததற்கு வாதாடுகிறவர்களும் உண்டு.

ஒரு உதாரணத்துக்கு, கடைத் தெருவில் 'நோ பார்க்கிங்' பலகைக்குக் கீழே வானை நிறுத்தி, பின் கதவைத் திறந்து, அரிசி மூட்டைகளைக் கடைக்குள் இறக்கிக்கொண்டிருந்தீர்கள் என்று வையுங்கள். மூன்றாவது மூட்டையோடு உள்ளே போய்த் திரும்பும்போது ரிக்கற் எழுதியிருக்கிறது. இங்கே உங்களிடம் நல்ல வாதம் இருக்கிறது. சாமான் இறக்கிய விநியோகச் சிட்டையில் திகதியும் கடை முகவரியும் இருக்கும். நேரமும் ஒத்துப்போனால் அதுவே போதும். இதையே 'நோ ஸ்ரொப்பிங்' பலகைக்குக் கீழே செய்திருந்தால் அந்தச் சிட்டை எதற்கும் உதவாது. வேலை ஒன்றுதான், மூட்டையும் ஒன்றுதான். பலகை மாறினால் முடிவு மாறும்.

இன்னொன்று நம் வீடுகளில் அடிக்கடி நடப்பது. ஸ்காபரோவில் ஒரு வீட்டில் பிறந்தநாளோ அந்தியேட்டியோ நடக்கிறது. பத்துப் பன்னிரண்டு வண்டிகள் இரண்டு பக்கமும் நிற்கின்றன. பலகை ஒன்றும் இல்லாத தெரு. அயலவர் யாரோ முறைப்பாடு செய்கிறார். வரிசையாக எல்லா வண்டிக்கும் ரிக்கற். "பலகையே இல்லை, எப்படி எழுதலாம்?" என்று எல்லோரும் கொதிக்கிறார்கள். ரொறன்ரோவில் வேறு பலகை இல்லாத தெருக்களில் மூன்று மணி நேரத்துக்கு மேல் நிறுத்தக்கூடாது என்பது நகரம் முழுவதற்கும் பொதுவான விதி. அதை ஒவ்வொரு தெருவிலும் பலகையில் எழுத வேண்டியதில்லை. ஆகவே "பலகை இல்லை" என்ற வாதம் இங்கே எடுபடாது. எடுபடக்கூடியது வேறொன்று: நீங்கள் மூன்று மணி நேரம் அங்கே நிற்கவில்லை, இடையில் வண்டியை எடுத்துக்கொண்டு போய்வந்தீர்கள் என்றால், அந்த இடைவெளியில் பெற்றோல் நிலையத்திலோ கடையிலோ கிடைத்த நேரம் பதிந்த ரசீது. கேக் வாங்கிவரப் போனவருக்கு அந்தக் கேக் ரசீதே காவல்.

காசு கட்டி நிறுத்தும் இடங்களில் வரும் ரிக்கற்றுகளில் அதிகம் நடக்கும் பிழை, நம்பர் பிளேற்றைப் பிழையாக அடிப்பது. தொலைபேசியில் பார்க்கிங் காசு கட்டும் கிறீன் பி அப்பில் ஓ என்ற எழுத்துக்குப் பூச்சியம் அடிபட்டிருக்கும். அல்லது மனைவியின் வண்டி எண்ணே அதில் நின்றிருக்கும். காசு கட்டியது உண்மை, நேரமும் இடமும் சரி, எண்ணில் மட்டும் பிழை என்றால் அப்பில் உள்ள பதிவைத் திரைப்பிடிப்பு (ஸ்கிரீன்ஷொட்) எடுத்து, இரண்டு வண்டிகளின் உரிமைப் பத்திரத்தோடு அனுப்புங்கள். கட்டிய நேரம் முடிந்து பத்து நிமிடத்துக்குள் எழுதப்பட்டதென்றால் அதையும் குறிப்பிட்டுச் சொல்லுங்கள். அந்தப் பத்து நிமிட சலுகை மாநகரசபையின் வழிகாட்டு விதிகளில் நெடுநாளாக இருக்கிறது.

வண்டி பழுதாகி நின்றது என்றால் இழுத்துப்போன ட்ரக்கின் பில் அல்லது திருத்தகத்தின் பில். அவசரமாக ஆஸ்பத்திரிக்குப் போனீர்கள் என்றால் அங்கே பதிந்த நேரம் உள்ள தாள். நோய் விபரத்தை மறைத்துவிட்டு அனுப்பலாம். வண்டியை முன்பே விற்றுவிட்டீர்கள் என்றால் விற்ற பத்திரம். மாற்றுத்திறனாளிக்கான அனுமதி அட்டை இருந்தும் வெளியே தெரியும்படி வைக்க மறந்தீர்கள் என்றால் அந்த அட்டையின் இரு பக்கப் பிரதி.

பலகை மரக்கிளைக்குள் மறைந்திருந்தது, அம்புக்குறி வேறு பக்கம் காட்டியது என்றால் படம்தான் எல்லாம். இங்கே நம்மவர்கள் செய்யும் பிழை, பலகையை மட்டும் கிட்டவாகப் படம் எடுப்பது. அந்தப் படத்தைப் பார்க்கும் அதிகாரிக்கு அது எந்தத் தெரு, உங்கள் வண்டி அதற்கு எந்தப் பக்கம் நின்றது என்று எப்படித் தெரியும்? வண்டியை எடுப்பதற்கு முன்னரே, வண்டியும் பலகையும் ஒரே படத்தில் வரும்படி தூரத்திலிருந்து ஒன்று எடுங்கள். நம்பர் பிளேற் தெரிய ஒன்று. தெருவின் பெயரோ கடையின் இலக்கமோ தெரிய இன்னொன்று. பனி கொட்டுகிறது, குளிர் கையைக் கடிக்கிறது என்றாலும் அந்த இரண்டு நிமிடத்தைச் செலவழியுங்கள். அடுத்த நாள் போனால் மரம் வெட்டப்பட்டிருக்கும்.

எழுத்து நீளமாக இருக்கத் தேவையில்லை. "நான் 22 வருடமாக வரி கட்டுகிறேன், இந்த அதிகாரி எங்கள் ஆட்களைக் கண்டால் எழுதுகிறார், இரண்டு நிமிடம்தான் விட்டேன், எனக்கு முன்னால் நின்ற வண்டிக்கு ஏன் எழுதவில்லை" என்று ஒரு பக்கம் எழுதுகிறவர் நான்கு காரணம் சொல்கிறார். நான்கும் வேலைக்கு உதவாது. "மாலை 4.10 இலிருந்து 5.10 வரை கிறீன் பி அப்பில் கட்டியிருக்கிறேன். ரிக்கற் எழுதிய நேரம் 4.35. பிளேற் எண்ணில் ஒரு எழுத்துப் பிழை. ரசீதும் வண்டிப் பத்திரமும் இணைத்திருக்கிறேன். இரத்துச் செய்யும்படி கேட்கிறேன்." இந்த ஐந்து வரிக்குப் பெரிய ஆங்கிலம் வேண்டியதில்லை. பள்ளிக்கூடம் போகும் பிள்ளை இருந்தால் பத்து நிமிடத்தில் எழுதித் தரும்.

ரிக்கற்றில் உள்ள எழுத்துப் பிழையைப் பிடித்துக்கொண்டு தப்பலாம் என்பதும் கோட்டுக் காலத்து நம்பிக்கை. வண்டியின் நிறத்தைப் பிழையாக எழுதியதை மட்டும் நம்பிப் போகவேண்டாம். இடமோ நேரமோ வண்டியோ வேறாகிவிடும் அளவுக்குப் பிழையென்றால் கட்டாயம் சொல்லுங்கள்.

விதி மீறப்பட்டது உண்மை, ஆனால் கட்டக் காசில்லை என்ற நிலையும் இருக்கலாம். வேலை போயிருக்கலாம், அரச உதவிப் பணத்தில் வாழலாம். தாங்கமுடியாத கஷ்டம் என்பது ஏற்கப்படும் காரணங்களில் ஒன்று. தொகையைக் குறைக்கும்படியோ காலம் தரும்படியோ கேட்கலாம். வருமானத்தைக் காட்டும் தாள் வேண்டும். இதைக் கேட்பதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை.

ஸ்கிரீனிங் அதிகாரி உறுதிசெய்துவிட்டால் அடுத்தது தீர்ப்பாயம். முடிவு கிடைத்து 15 நாளுக்குள் கேட்க வேண்டும். இங்கே விசாரிப்பவர் மாநகரசபையின் ஊழியர் அல்ல, தனித்து இயங்கும் விசாரணை அதிகாரி. அவர் முன்னிலையில் நீங்கள் விளக்கம் சொல்லலாம், ஆதாரம் காட்டலாம். அவர் சொல்வதே இறுதி முடிவு. நாள் எடுத்துவிட்டு வராமல் விட்டால் அதற்கும் தனிக் கட்டணம் சேரும்.

ஸ்கிரீனிங்கில் வைத்த அதே வாதத்தை, அதே தாள்களோடு, "இவராவது கேட்பார்" என்று அங்கே கொண்டுபோவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. போகத் தக்கது மூன்று சந்தர்ப்பங்களில்: முதல் அதிகாரி உங்கள் ஆதாரத்தைப் பார்க்கத் தவறிவிட்டார் என்று தெளிவாகத் தெரிகிறது, பிறகு புது ஆதாரம் கிடைத்திருக்கிறது, அல்லது தொகை பெரிது, நடந்ததை நேரில் விளக்கினால்தான் விளங்கும். 50 டொலருக்கு அரை நாள் வேலையை விடுகிறவர் அந்த அரை நாள் சம்பளத்தையும் கணக்கில் எடுக்கட்டும். இன்னொரு விடயம், அந்த விதியே அநியாயம், இந்தத் தெருவில் மூன்று மணி நேரம் போதாது என்று வாதாடும் இடம் தீர்ப்பாயம் அல்ல. சட்டம் செல்லுமா செல்லாதா என்று தீர்மானிக்கும் அதிகாரம் விசாரணை அதிகாரிக்கு இல்லை. அதற்கு உங்கள் வட்டாரத்து நகரசபை உறுப்பினரிடம் போங்கள். நகரத்துக்கு 25 உறுப்பினர்கள் இருக்கிறார்கள். நம்மவர் செறிந்து வாழும் வட்டாரங்களில் ஒரே தெருவிலிருந்து இருபது குடும்பம் சேர்ந்து எழுதினால் அந்தக் குரல் கேட்கும்.

ஒன்றும் செய்யாமல் விடுவதை ஒரு வழியென்று சொல்வதே பிழை, ஆனால் நடைமுறையில் பலர் எடுப்பது இதைத்தான். முதலில் வண்டி உரிமையாளரின் முகவரியைத் தேடிய கட்டணம் சேரும். பிறகு தாமதக் கட்டணம். அதற்குப் பிறகும் கட்டாவிட்டால் மாகாணப் போக்குவரத்து அமைச்சுக்கு அனுப்பி, நம்பர் பிளேற் புதுப்பிப்பைத் தடுத்துவிடுவார்கள். அதற்கும் ஒரு கட்டணம். நம்பர் பிளேற்றில் ஒட்டும் ஸ்ரிக்கரும் அதற்கான கட்டணமும் 2022 மார்ச்சில் நின்றுபோனதால், பிளேற் புதுப்பிப்பதே இனி இல்லை என்று சிலர் நினைக்கிறார்கள். கட்டணமும் ஸ்ரிக்கரும்தான் நின்றது, பதிவு நிற்கவில்லை. 2024 யூலையிலிருந்து நிலுவை இல்லாத வண்டிகளுக்கு அது தானாகப் புதுப்பிக்கப்படுகிறது. தண்டம் நிலுவையில் உள்ள வண்டிக்குத் தானாக நடக்காது. ஸ்ரிக்கர் இல்லாததால் உங்களுக்கும் தெரியவராது. ஒருநாள் பொலிஸ் மறித்து, பதிவு காலாவதியான வண்டி ஓட்டியதாக வேறொரு ரிக்கற் தரும்போதுதான் தெரியவரும். 15 நாள் தவறிப்போயிருந்தால்கூட, வெளிநாட்டில் இருந்தது, ஆஸ்பத்திரியில் இருந்தது போன்ற உரிய காரணம் உண்டென்றால், தாமதிக்காமல் கால நீட்டிப்புக் கேளுங்கள்.

ரிக்கற் போவது ஓட்டியவருக்கு அல்ல, வண்டியின் உரிமையாளருக்கு. தம்பிக்கு வண்டி கொடுத்தால் தம்பியின் ரிக்கற்றும் உங்கள் பெயரில்தான். "நான் ஓட்டவில்லை" என்பது பதிலாகாது.

கட்டுவதாக முடிவெடுத்தாலும் எங்கே கட்டுகிறீர்கள் என்று பாருங்கள். "உங்களுக்குப் பார்க்கிங் தண்டம் நிலுவையில் உள்ளது, இந்த இணைப்பில் கட்டுங்கள்" என்று தொலைபேசிக்குக் குறுஞ்செய்தி வந்தால் அது மோசடி. ரொறன்ரோ மாநகரசபை தண்டப்பணத்தைக் குறுஞ்செய்தியில் கேட்பதில்லை. ஐமிச்சம் வந்தால், கையில் உள்ள தாளில் உள்ள இலக்கத்தை மாநகரசபையின் இணையத்தளத்தில் நீங்களே அடித்துப் பாருங்கள். முதியவர்கள் உள்ள வீடுகளில் இதை அவர்களுக்கு ஒருமுறை சொல்லி வையுங்கள்.

இவ்வளவும் பார்க்கிங் ரிக்கற்றுக்கு. மாநகரசபையின் வேறு விதிகளுக்கான ரிக்கற்றுகள், உதாரணமாகக் குப்பை, சத்தம், 20 சென்ரிமீற்றருக்கு மேல் வளர்ந்த புல் போன்றவை, வேறு வழியில் போகின்றன. புல்லுக்கு வழக்கமாக முதலில் வெட்டச் சொல்லி அறிவித்தல் வரும். அப்போதே வெட்டிவிட்டால் கதை முடிந்தது. வெட்டாவிட்டால் மாநகரசபையே ஆள் விட்டு வெட்டி அந்தச் செலவை வீட்டு வரியில் சேர்த்துவிடலாம். ரிக்கற்றே தந்துவிட்டால் அது பெரும்பாலும் மாகாணக் குற்றச் சட்டத்தின் கீழ் வருவது, இன்னமும் நீதிமன்றத்துக்கு உரியது. அதிலும் 15 நாள்தான். கட்டலாம், வழக்குத்தொடுநரைச் சந்தித்துப் பேசித் தீர்க்கலாம், அல்லது வழக்குக் கேட்கலாம். இந்த வகையில் நான் முதலில் தெரிவுசெய்யச் சொல்வது வழக்குத்தொடுநரைச் சந்திப்பதை. புல்லை வெட்டிய படத்தோடு போனால் குறைத்துக் கேட்க வாய்ப்பு உண்டு. ஒத்துவராவிட்டால் வழக்குக் கேட்கும் உரிமை அப்படியே இருக்கும். பதிலே கொடுக்காமல் விட்டால் நீங்கள் இல்லாமலே குற்றவாளி என்று தீர்த்துவிடுவார்கள். வழக்குக் கேட்கும்போது தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று படிவத்திலேயே குறித்துவிடுங்கள். அதற்குக் காசு கட்ட வேண்டியதில்லை.